அட்டைக்கு இரட்டை உண்டு, பென் டிரைவுக்கு?

பெரிய காஞ்சிபுரத்தில் நகல் என்பது வசவுச் சொல். விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் கைத்தறிப் பட்டு என்று விற்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களின் குரல் உயரும். அதில் நியாயம் இருக்கிறது. சேலை உட்படச் சில துணி வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி மத்திய அரசு 1985இல் சட்டம் கொண்டுவந்தது. காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டும் இருந்தும் போலி நிற்கவில்லை. இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் வந்து ‘நகல் எடுங்கள், அக்கம்பக்கத்தாருக்கும் கொடுங்கள்’ என்றால் யாரும் உடனே காது கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் இதே ஊர் நகல் எடுத்துத்தான் தொழில் நடத்துகிறது. தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்காடு பெட்டியைப் பார்த்தால் போதும். கட்டம் போட்ட தாளில் புட்டாவை வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து அட்டையில் ஓட்டை அடிக்கிறார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழையும், கொக்கி மேலே போகும், பாவு இழை தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். ஓர் அட்டைக்கு ஓர் ஊடை. ஒரு முந்திக்கு இப்படி நூற்றுக்கணக்கில் அட்டைகள், கயிற்றில் கோத்துச் சங்கிலியாகத் தொங்கும். ஒரே டிசைனை நாலு தறியில் ஏற்ற வேண்டுமானால் நாலு கட்டு அட்டை வேண்டும். அந்த நாலும் ஓட்டைக்கு ஓட்டை ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் அட்டை முன்பின் மாறிக் கோக்கப்பட்டால்கூட யானையின் தும்பிக்கை உடம்பை விட்டு விலகி நிற்கும்.

அட்டைக் கட்டுக்கு இரட்டை வேண்டும் என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கணினிக்கும் அதே பழக்கம் வர வேண்டும். அதற்கு இதுவே சரியான நேரம்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் தேவை. அவை இல்லாத கணினிகள் ஒரே நாளில் பழசாகிவிட்டன. தமிழ்நாட்டில் இது சின்ன விஷயமே இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று, காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் பிறந்த நாளில், விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அதன் பின் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மடிக்கணினி போனது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் நினைவகம் 2 ஜிபிதான். அந்தக் கணினிகளில் பல இன்றும் அலமாரியின் மேல்தட்டில் துணிப்பையோடு கிடக்கின்றன. திரை ஒளிர்கிறது, விசைப்பலகை வேலை செய்கிறது. உள்ளே ஓடுவதற்குத்தான் எதுவுமில்லை.

இந்தக் கணினிகளை எழுப்ப ஒரு பென் டிரைவ் போதும். அதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் முழுதாக இருக்கும். செருகி, கணினியை ‘ஆன்’ செய்து, எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று காட்டினால், உள்ளே இருக்கும் வட்டைத் தொடாமலே முழுக் கணினியும் வேலைக்கு வந்துவிடும். ஜெர்மனியின் கிளாவுஸ் க்னாப்பர் 2000இல் க்னாப்பிக்ஸ் என்ற பெயரில் இதைக் குறுந்தகட்டில் செய்து காட்டினார். ஆஸ்திரேலியாவின் பேரி காவ்லர் 2003இல் பப்பி லினக்ஸைக் கொண்டுவந்தார். சில நூறு எம்பிக்குள் அடங்கி, நினைவகத்திலேயே ஏறி ஓடும் அமைப்பு அது. இன்றைக்கு எம்எக்ஸ், மின்ட், உபுண்டு என்று தேர்ந்தெடுக்க எத்தனையோ இருக்கின்றன. சேமிக்கும் வசதியைச் சேர்த்துக்கொண்டால், எழுதிய கடிதமும் வைஃபை கடவுச்சொல்லும் அதே டிரைவில் தங்கும். பையில் போட்டுக்கொண்டு எந்தக் கணினியிலும் செருகலாம்.

சிக்கல் அடுத்து வருகிறது. பென் டிரைவ் நீண்ட ஆயுள் உள்ள பொருளல்ல. அதன் சில்லில் எழுதி அழிக்கும் தடவைக்கு ஒரு கணக்கு உண்டு. பாட்டும் படமும் ஏற்றிவைக்கும்போது அந்தக் கணக்கு மெல்லக் கரையும். ஓர் இயங்குதளமே அதன் மேல் ஓடும்போது ஒவ்வொரு நிமிடமும் ஏதாவது எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். விலை மலிவான டிரைவ் ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் ஓய்ந்துவிடும். அன்றைக்குக் கையில் இரட்டை இல்லையென்றால் எல்லாம் முதலிலிருந்து.

இரட்டை எடுப்பது எளிது என்றுதான் தோன்றும். டிரைவைத் திறந்து, உள்ளே உள்ள கோப்புகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, இன்னொரு டிரைவில் ஒட்டினால் ஆயிற்று என்று பலர் செய்துபார்க்கிறார்கள். கோப்புகள் அத்தனையும் போய்ச் சேரும். கணினி மட்டும் பெரும்பாலும் பூட் ஆகாது. அட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துவந்து, கோத்த கயிற்றைப் பழைய தறியிலேயே விட்டுவிட்டது போன்ற நிலை அது. டிரைவின் தொடக்கத்தில், கோப்பு மேலாளர் கண்ணுக்குக் காட்டாத இடத்தில், எந்தப் பகிர்வு எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை இருக்கிறது. கணினியை எழுப்பும் சிறு நிரலின் முதல் துண்டும் பல டிரைவ்களில் அங்கேதான் இருக்கும். கோப்புகளை நகல் எடுத்தால் இவை வருவதில்லை.

அதனால் டிரைவை முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை அப்படியே இன்னொன்றில் எழுத வேண்டும். லினக்ஸில் இதற்கென்றே டிடி என்ற பழைய கட்டளை இருக்கிறது. பெயரின் வேரைத் தேடிப் போனால் ஒரு தறிக்காரரின் வீட்டு வாசலுக்கே வந்து சேரலாம். ஐபிஎம்மின் பெரிய கணினிகளுக்கு வேலை சொல்லும் மொழியில் டிடி என்றொரு வாக்கியம் இருந்தது. 1970களில் யூனிக்ஸை உருவாக்கியவர்கள் அந்தப் பெயரையும் அதன் வித்தியாசமான எழுத்து முறையையும் எடுத்துக்கொண்டார்கள். ஐபிஎம்மின் அந்த மொழி 80 பத்தி கொண்ட ஓட்டை அட்டைகளில் அடிக்கப்பட்டது. அந்த அட்டையை ஐபிஎம் 1928இல் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் ஓட்டை அட்டைகளை வைத்தே எண்ணினார். இன்னும் பின்னால் போனால் சார்லஸ் பாபேஜ். அவர் தன் கணக்கு எந்திரத்துக்கு ஓட்டை அட்டை என்ற யோசனையைப் பிரான்சின் ஜோசஃப் மாரி ஜக்கார்டின் 1804ஆம் ஆண்டுத் தறியிலிருந்து எடுத்தார். பிள்ளையார்பாளையத்தில் ஜக்காடு என்று திரிந்து வழங்குவது அதே மனிதரின் பெயர்தான். கணினி என்பது வேற்று ஊரிலிருந்து வந்த புரியாத பொருள் என்று நினைக்கும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வம்சாவளியைப் பள்ளியிலேயே சொல்லிவிட வேண்டும்.

டிடி கேட்பது இரண்டே விஷயம்: எதிலிருந்து படிக்க, எதில் எழுத. அது பதில் பேசாது, ‘நிச்சயமாகவா’ என்றும் கேட்காது. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் வெற்று டிரைவின் வெறுமையை நிறைந்த டிரைவின் மேல் எழுதிவிடும். எழுதும் இடத்தில் கணினியின் உள் வட்டின் பெயரைத் தவறிக் கொடுத்தால் குடும்பத்தின் பத்து வருடப் புகைப்படங்கள் போகும். ‘வட்டு அழிப்பான்’ என்ற பட்டப்பெயர் இந்தக் கட்டளைக்குச் சும்மா வரவில்லை. செய்வதற்கு முன் இணைந்திருக்கும் வட்டுகளை அளவோடு பட்டியல் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டிரைவைப் பிடுங்கி எந்தப் பெயர் மறைகிறது என்று பார்ப்பது இன்னும் உறுதியான வழி. கட்டளை வேண்டாம் என்பவர்களுக்குத் தைவானிலிருந்து வரும் குளோன்சில்லா இருக்கிறது. கேள்வி கேட்டுக் கேட்டு அழைத்துப்போகும்.

வேறு சில இடறல்களும் உண்டு. அட்டைப்பெட்டியில் 16 ஜிபி என்று போட்டிருக்கும் இரண்டு டிரைவ்கள் உள்ளே சரியாக ஒரே அளவில் இருப்பதில்லை. புதியது சில எம்பி குறைந்தாலும் நகலின் வால் வெட்டுப்படும். புது முறைப் பகிர்வு அட்டவணையின் மாற்றுப் பிரதி டிரைவின் கடைசியில்தான் இருக்கிறது, அதுவும் சேர்ந்து போகும். ஆகவே புது டிரைவ் சமமாகவோ ஒரு படி பெரிதாகவோ இருக்கட்டும். பெரிதாக இருந்தால் மிஞ்சும் இடத்தைப் பிறகு ஜிபார்ட்டட் என்ற கருவியில் பகிர்வை நீட்டிப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பையே நகல் எடுப்பது நல்லதல்ல. முதல் பாதியை எழுதி முடிப்பதற்குள் இரண்டாம் பாதி மாறியிருக்கும். இன்னொரு லினக்ஸிலிருந்து பூட் செய்து, தாயையும் பிள்ளையையும் அசையாமல் வைத்து எடுக்க வேண்டும். விநாடிக்கு 8 எம்பி எழுதும் சாதாரண டிரைவில் 16 ஜிபி முடிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் பிடுங்கக் கூடாது. முடிந்த பிறகு இரண்டையும் பிட்டுக்குப் பிட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கடைத்தெருவில் 128 ஜிபி என்று எழுதி உள்ளே அதில் கால்வாசிகூட இல்லாத போலி டிரைவ்கள் உலவுகின்றன. ஒப்பிட்டுப் பார்க்காதவருக்கு அது தெரியப்போவதில்லை.

இன்னொன்று. இரட்டைகளுக்கு அடையாள எண்ணும் ஒன்றுதான். லினக்ஸ் தன் பகிர்வுகளை அந்த எண்ணை வைத்தே தேடுகிறது. ஒரே கணினியில் இரண்டையும் செருகிப் பூட் செய்தால் எதை எடுப்பது என்று குழம்பும், அண்ணனில் எழுத வேண்டியதைத் தம்பியில் எழுதும். நகல் முடிந்ததும் ஒன்றைக் கழற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இதெல்லாம் தனக்கென்று ஓர் இரட்டை வைத்துக்கொள்பவருக்கு. அடுத்தவருக்குக் கொடுக்க எடுக்கும் நகல் வேறு வகை. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. சேமிப்போடு கூடிய டிரைவைப் பிட்டுக்குப் பிட்டு நகல் எடுத்து நண்பரிடம் கொடுத்தால், உலாவி நினைவில் வைத்திருக்கும் மின்னஞ்சல் கடவுச்சொல்லும் வீட்டு வைஃபையும் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலும் கூடவே போகும். பக்கத்து வீட்டுக்காரர் டிசைன் கேட்டால் அட்டைக் கட்டைக் கொடுக்கலாம். பாதி நெய்த சேலையோடு தறியையே தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. எம்எக்ஸ் லினக்ஸில் உள்ள ஸ்னாப்ஷாட் கருவி இந்த இரண்டையும் தனித்தனி வழியாகவே வைத்திருக்கிறது. ‘என் காப்புக்காக’ என்றால் கணக்குகள் அப்படியே இருக்கும், ‘பிறருக்கு வழங்க’ என்றால் கணக்குகள் துடைக்கப்படும். பத்திரிகையாளர்கள் நம்பும் டெயில்ஸ் அமைப்பும் தன்னைத் தானே நகல் எடுக்கும் கருவியோடு வருகிறது. கடவுச்சொல் துடைக்காத நகலைப் பிறர் கையில் கொடுப்பது தவறு. பள்ளிகளில் முதலில் சொல்லித்தர வேண்டியதும் இதைத்தான்.

நகல் என்ற சொல்லின் மேல் காஞ்சிக்கு இருக்கும் வெறுப்புக்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும். ஒருவர் கண் வலிக்க வரைந்த டிசைனை அவர் சம்மதமில்லாமல் எடுத்து, வேறு ஊரில் விசைத்தறியில் ஓட்டி, காஞ்சி என்று முத்திரை குத்துவது களவு. தெருமுனைக் கடையில் ‘ஓஎஸ் போட்டுத் தருகிறோம்’ என்று கள்ள விண்டோஸை ஏற்றுவதும் அதே வகைதான். செய்தவர் சம்மதிக்கவில்லை. லினக்ஸ் அப்படியில்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார், 1989இல் ஜிபிஎல் உரிமத்தை வெளியிட்டார். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதிய லினக்ஸ் கருவும் அடுத்த ஆண்டு அதே உரிமத்துக்குள் வந்தது. நகல் எடு, பிறருக்குக் கொடு, கொடுக்கும்போது இதே உரிமையை அவருக்கும் கொடு என்று செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். காசுக்கு வாங்கும் மென்பொருளை அதே டிரைவில் ஏற்றி வழங்கினால் மட்டும் இந்த அனுமதி பொருந்தாது. மற்றபடி இங்கே நகல் எடுப்பவர் செய்தவரின் சொல்லைக் காப்பாற்றுகிறார்.

நகலைக் காப்பாக வைக்கும் பழக்கம் இந்த ஊருக்குப் பழசு. ஊரின் மேற்கே கைலாசநாதர் கோயிலில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் தன் பட்டப்பெயர்களைச் சுற்றுச் சிற்றாலயங்களில் வெட்டிவைத்தான். ஒரே எழுத்தில் ஒருமுறை என்று விடவில்லை, ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து வடிவங்களில் திரும்பத் திரும்ப வெட்டினான். அந்த மணற்கல் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. ஓரிடத்தில் தேய்ந்ததை மற்றோரிடத்தில் படிக்க முடிகிறது.

புதிய கையும் ஊரில் இருக்கிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, பெரும்பாலும் தமிழிலேயே, கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேசிவருகிறது. அந்தக் குழுவில் முன்னின்றவர்களில் ஒருவரான த. சீனிவாசனின் முயற்சியில் 2012 ஜனவரியில் கணியம் இதழ் பிறந்தது. லினக்ஸ் முதல் தரவுத்தளம் வரை ‘எளிய தமிழில்’ எழுதி, யாரும் நகல் எடுக்கலாம் என்ற உரிமத்தோடு அது வெளியிடுகிறது. பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர் போன ஊர், தமிழில் கணினி சொல்லித்தரும் ஊராகவும் இருப்பதை உள்ளூர்ப் பள்ளிகள் இன்னும் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

அரசுத் தரப்பில் தொடக்கம் நன்றாகவே இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை 2007இல் வெளியிட்டது. இந்திய மொழிகளோடு வந்தது, தமிழும் உண்டு. அதே காலத்தில் சி. உமாசங்கர் தலைமையில் தமிழக அரசு நிறுவனமான எல்காட் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸும் ஏற்றப்பட்டு வந்தது. ஆனால் அது வட்டுக்குள் இருந்தது. வட்டு போனால் பாஸும் போகும். மாணவர் கையில் தனியாக, எழுப்பக்கூடிய, நகல் எடுக்கக்கூடிய ஒரு டிரைவாக அது கிடைத்திருந்தால் இன்று அலமாரி மேல் கிடக்கும் கணினிகளில் பாதியாவது வேலை செய்துகொண்டிருக்கும்.

பக்கத்து மாநிலம் இதில் வெகுதூரம் போய்விட்டது. கேரளப் பள்ளிகளுக்கென்று கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தனி லினக்ஸே தயாரிக்கிறது. 2019இல் புதிய பதிப்பு வந்தபோது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் அது ஓடும் என்றும், உரிமக் கட்டணத்தில் ரூ.3,000 கோடி மிச்சமாகும் என்றும் கணக்குச் சொன்னார்கள். அங்கே ஆசிரியர்கள் தாங்களே கணினியில் ஏற்றுகிறார்கள், மாணவர்கள் பழுது பார்க்கிறார்கள்.

தமிழ்நாடு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தர இரண்டு ஆண்டுத் திட்டத்தை அறிவித்தது. முதற்கட்டத்துக்கு ஒதுக்கியது ரூ.2,000 கோடி. அந்தப் பெரும் தொகைக்குப் பக்கத்தில் ஒரு பென் டிரைவின் விலை சில நூறு ரூபாய். 20 லட்சம் பேருக்கும் டிரைவ் வாங்கித் தரச் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரிக்கு ஒரு தாய் டிரைவ் போதும். மாணவர் தன் டிரைவைக் கொண்டுவந்து நகல் எடுத்துப் போகட்டும். எடுக்கும் முறையை ஒரு பிற்பகலில் சொல்லிக்கொடுத்துவிடலாம், டிடியின் ஆபத்துகளோடு சேர்த்து.

பெரிய காஞ்சிபுரம் இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்ட மைய நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுக்கும் மேசையிலேயே ஒரு தாய் டிரைவ் இருக்கலாம். அரசுப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களில் இரண்டு இருக்கலாம், ஒன்று எடுக்க, ஒன்று காக்க. பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இதில் சொந்த அக்கறை உண்டு. அண்மை ஆண்டுகளில் கைத்தறியிலும் மின்னணு ஜக்காடு ஏறிவருகிறது. அங்கே அட்டைக் கட்டு இல்லை, டிசைன் கோப்பாக வருகிறது. பல இடங்களில் அதைக் கொண்டுவருவதும் ஒரு பென் டிரைவ்தான். அட்டை நனைந்தால் காயவைக்கலாம், கிழிந்தால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப அடிக்கலாம். டிரைவ் போனால் முந்தி, புட்டா, கரை எல்லாம் ஒரே நொடியில் போகும். முப்பது வருடம் அட்டைக் கட்டுகளைப் பரணில் பத்திரப்படுத்திய சங்கம், டிசைன் டிரைவுக்கு இரட்டை வைக்காமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

தாய் டிரைவை வைத்திருப்பவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பை இறக்கி, வெளியிட்டவர் தரும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்பார்த்து, கணக்கும் கடவுச்சொல்லும் இல்லாத சுத்தமான டிரைவாக எழுத வேண்டும். அதை ஒரு பழைய மடிக்கணினியில் செருகி, உண்மையிலேயே பூட் ஆகிறதா, தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு துண்டு வெள்ளை ஒட்டுத்தாளில் அமைப்பின் பெயரையும் எழுதிய தேதியையும் குறித்து, டிரைவின் முதுகில் ஒட்டிவிட வேண்டும்.